சுற்ற வழியில்லாத மாதா

தோடம்பழத்தைப் பாதியாக வெட்டிச் சாறு பிழிந்து குடித்த பிறகு, கோதைக் குப்பையில் போடாமல் மேசைமேல் கவிழ்த்து வைப்பது சிஞ்ஞோராவின் பழக்கம். காலையில் நான் வேலைக்குப் போய்ச் செருப்பைக் கழற்ற முதலே கத்தியும் கையுமாக நிற்பார். கவிழ்ந்து கிடக்கும் கோதின் நாலு பக்கத்தையும் மேலிருந்து கீழாக நேரே சீவுவார். இப்போது அது நாலு காலில் நிற்கும். நாலு பக்கமும் வளைந்த வாசல். பிறகு வாசல்களின் உச்சிக்குச் சற்று மேலே கத்தியைப் படுக்கையாகப் பிடித்து மண்டையைச் சீவி எடுப்பார். மூலைக்கு ஒன்றாக உள்நோக்கி வளைந்த முக்கோணங்கள் மிஞ்சும். மேலே வட்டமாக ஒரு வாய் திறந்திருக்கும். அந்த வாயின்மேல் ஒரு சின்ன மண்டரீன் பழத்தின் பாதிக் கோதைக் கவிழ்த்துவிட்டு, "பார். கீழ சதுரம், மேல வட்டம். இது ரெண்டையும் சண்டை பிடிக்காமல் சேத்து வைக்கிறதுக்கு மனிசர் எவ்வளவு காலம் கஷ்டப்பட்டிருக்கினம் எண்டு தெரியுமோ?" என்பார். எனக்குத் தெரிந்ததெல்லாம் மேசை முழுக்கச் சாறு, துடைக்கப்போவது நான் என்பதுதான். அதையும் சொல்லாமல் விட்டதில்லை.

சிஞ்ஞோரா என்பது பலெர்மோவில் எந்த வீட்டுக்காரியையும் கூப்பிடுகிற மரியாதைச் சொல். எத்தனையோ சிஞ்ஞோராக்களின் வீட்டைத் துடைத்திருக்கிறேன். ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு நினைவு வருவது இவர் ஒருவர்தான். கட்டடக் கலைஞர். புதுக் கட்டடம் எதுவும் கட்டியவரல்லர். பழுதாகிப்போன பழைய தேவாலயங்களைத் திருத்துவதுதான் தொழில். மெலிந்த உடம்பு, ஒட்ட வெட்டிய நரை மயிர், தலையில் ஏற்றி வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுகிற மூக்குக் கண்ணாடி. யார் எதைக் கேட்டாலும் முதலில் 'இல்லை' என்பார். அதற்குப் பிறகுதான் கேள்வி என்ன என்று யோசிப்பார். கடவுள் நம்பிக்கை அறவே கிடையாது. கோயில் கோயிலாக ஏறி இறங்குகிற ஆளுக்குக் கடவுள் இல்லையாம் என்று நான் வீட்டில் சொல்லிச் சிரிப்பேன். எங்கள் பேச்செல்லாம் இத்தாலியன் மொழியில்தான் நடக்கும், ஆனால் அவர் சொன்னதை இப்போது திருப்பிச் சொல்லும்போது என் வாயில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வருகிறது. அவரும் யாழ்ப்பாணத்தில் பிறந்திருந்தால் இப்படித்தான் கதைத்திருப்பார் என்று எனக்கு நல்ல நிச்சயம்.

அவர் பழத்தை வெட்டி வெட்டிக் காட்டியது ஒரு சிற்றாலயத்துக்காக. கபோ சந்தைக்குள் மீன் தட்டுகளைத் தாண்டிப் போனால் ஒரு பழைய தேவாலயம் இருக்கிறது. அதற்குள் இடது பக்கச் சுவரில் ஒரு வளைவு வாசல். அதன் வழியே நுழைந்தால் மாதாவின் சிற்றாலயம். வெளியே இருந்து பார்த்தால் ஓட்டுக் கூரைகளும் உடுப்புக் காயும் கொடிகளும்தான் தெரியும். உள்ளே ஒரு குவிமாடம் இருக்கிறது என்று யாரும் நினைக்கமாட்டார்கள். நல்ல சதுரமான அறை. நாலு சுவரிலும் நாலு வளைவு. மூலைகளில் அந்தத் தோடம்பழ முக்கோணங்கள் கவிந்து எழும்பி, மேலே ஒரு வட்டத்தை ஏந்தி நிற்கும். வட்டத்துக்கு மேலே குவிமாடம், விரித்த குடையை உள்ளிருந்து பார்ப்பதுபோல. குடைக் கம்பிகள் மாதிரிச் சாம்பல் நிறக் கல் வரிகள் உச்சியில் போய்ச் சேரும்; வரிக்கு வரி இடையில் வெள்ளைச் சாந்து, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சின்ன வட்ட யன்னல். படம் இல்லை, பொன் இல்லை, கொழுத்த குழந்தைத் தேவதைகள் ஒன்றும் இல்லை. சாம்பல் கோடும் வெள்ளைச் சுவரும் வெளிச்சமும்தான்.

இந்த ஊரில் குவிமாடத்துக்குப் பஞ்சமில்லை. அரசர் காலத்துத் தேவாலயங்களின் சிவப்புக் குவிமாடங்களைப் பார்க்க உலகமெல்லாம் இருந்து வருகிறார்கள். அவற்றின் உள்ளே மூலைகளில் படிப்படியாக மாடம் வைத்து, நாலு பக்கத்தை எட்டாக்கி, எட்டைத் தேய்த்து வட்டமாக்கியிருப்பார்கள். அதுவும் வடிவுதான், ஆனால் எப்படிச் செய்தார்கள் என்ற பாடு கண்ணுக்குத் தெரியும் என்பார் சிஞ்ஞோரா. இந்தச் சிற்றாலயத்தில் பாடே தெரியாது. சதுரம் தன்பாட்டில் வட்டமாகிப்போன மாதிரி இருக்கும். பிளாரன்ஸ் பக்கத்தில் அந்தப் புதுமுறை தொடங்கிய காலத்தில் இந்தத் தீவுக் கொத்தனார் யாரோ அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும், அல்லது போய் வந்தவனின் கையால் ஒரு படம் கிடைத்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஆள் பெயர் ஒருவருக்கும் தெரியாது. சிஞ்ஞோரா அவனை 'என்ர ஆள்' என்றுதான் சொல்வார். என்ர ஆள் இந்த யன்னலை ஏன் இவ்வளவு சின்னதாக வைத்தான், என்ர ஆள் இந்த மூலையில் அவசரப்பட்டுவிட்டான் என்று, வேலைக்கு வராத மேசனைத் திட்டுவதுபோல ஒரு நாளைக்கு ஒரு தரமாவது திட்டுவார்.

அந்தச் சிற்றாலயத்தில் எனக்கு முதலில் விளங்காமல் இருந்தது அதன் நடுதான். குவிமாடத்துக்கு நேர் கீழே ஒன்றும் இல்லை. நிலத்தில் பதித்த கல் வரிகள் எல்லாம் நடுவில் உள்ள ஒரு வட்டக் கல்லை நோக்கி ஓடும். அந்தக் கல்லுக்கு மேலே வெறும் காற்று. மாதாவோ எதிர்ச் சுவருக்குள் குடைந்த ஒரு சின்னச் சதுர அறையில், தனக்கென்று ஒரு குட்டிக் குவிமாடத்தோடு, சுவரில் முதுகைச் சாய்த்து நிற்பா. நாங்கள் கட்டுகிற கோயிலில் விமானம் எங்கே எழும்புகிறதோ அதற்குக் கீழே மூலஸ்தானம், அங்கே சாமி, நாங்கள் வெளியே. இங்கே உச்சிக்குக் கீழே வெறும் நிலம். யாரும் போய் நிற்கலாம். ஒரு நாள் கேட்டேன். அதற்குச் சிஞ்ஞோரா அரை நாள் வேலையைக் கெடுத்துப் பதில் சொன்னார். அந்தக் காலத்துக் கட்டடக்காரருக்கும் இதே சண்டைதானாம். வட்டக் கோயில், சதுரக் கோயில் என்று தாளில் வரைந்து தள்ளினார்களாம். எல்லாவற்றிலும் பீடம் நட்டநடுவில், உச்சிக்கு நேர் கீழே. ஆனால் நடுவில் பீடத்தை வைத்தால் குரு எந்தப் பக்கம் பார்த்து நிற்பது, சனம் எந்தப் பக்கம் இருப்பது, யாருக்கு முதுகைக் காட்டுவது என்ற கேள்வி வரும். கடைசியில் சாமியைப் பின்னறைக்கு அனுப்பிவிட்டு நடுவைச் சும்மா விட்டார்கள். "சும்மா விட்டதுதான் வடிவாய்ப் போச்சு," என்றார். "நடுவில நிக்கிற ஆளுக்குத்தான் முழுக் கட்டடமும்."

அதனால் அந்த நடுவை அவர் காவல் காத்தார். கதிரை வைக்கக்கூடாது, பூச்சாடி வைக்கக்கூடாது. ஒரு நத்தாருக்கு அந்தக் கோயில் ஃபாதர், குழந்தை இயேசுவின் மாட்டுக்கொட்டிலை அழகாகச் சோடித்து வட்டக் கல்லின்மேல் வைத்துவிட்டார். சிஞ்ஞோரா போய்ப் பார்த்தார். ஆட்டையும் மாட்டையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வாசலோரம் கொண்டுபோய் வைத்தார். ஃபாதர் நல்ல மனிசன். மூன்று அரசரையும் தானே தூக்கிக் கொடுத்தாராம்.

இதற்குள்தான் என் மச்சாள் வருகிறார். மச்சாள் என்றது என் கணவரின் அக்காவை. எங்களைப் பலெர்மோவுக்கு எடுப்பித்ததே அவர்தான். நாங்கள் குடியிருக்கும் சீசாப் பகுதியிலேயே, இரண்டு தெரு தள்ளி மகளோடும் மருமகனோடும் இருந்தார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். பஸ்ஸில் அவர் டெலிபோன் கதைத்தால் சாரதிக்கும் எங்கள் வீட்டுக் கதை தெரிந்துவிடும். சாமிகளுக்குள் பாகுபாடு பார்க்காத மனிசி: வெள்ளிக்கிழமை வீட்டில் பிள்ளையாருக்கு விளக்கு, ஞாயிற்றுக்கிழமை மலையேறி ஊர்ப் புனிதை சாந்தா ரொசலியாவிடம் ஒரு கும்பிடு, கபோவில் கத்தரிக்காய் வாங்கப் போகிற நாளில் பையோடு உள்ளே நுழைந்து இந்த மாதாவிடம் ஒரு முறைப்பாடு. மகளுக்குக் கலியாணமாகி நெடுநாள் பிள்ளை தங்கவில்லை. தங்கிய பிள்ளை பிறக்கிற நேரத்தில் சிக்கலாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் மச்சாளை வெளியே இருக்கச் சொன்னார்கள். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கால் போன போக்கில் நடந்து கபோவுக்குப் போய், மாதாவின் முகத்தைப் பார்த்து அழுது நேர்த்தி வைத்தார்: "தாயும் பிள்ளையும் சுகமாய் வீட்டை வரவேணும். உன்னைச் சுத்தி அடி அழிக்கிறன், அம்மா."

யாழ்ப்பாணத்தில் திருவிழாக் காலத்தில் ஆண்கள் கோயில் வீதியில் உருண்டு பிரதட்டை செய்வார்கள். அவர்களுக்குப் பின்னால் பெண்கள் அடி அழிப்பார்கள். இரண்டடி வைத்து, முழங்காலில் இருந்து, நெற்றி நிலத்தில் பட விழுந்து கும்பிட்டு, எழும்பி, மறுபடி இரண்டடி. அப்படியே சாமியை முழுதாகச் சுற்றி வர வேண்டும். முழங்கால் தேயும், முதுகு முறியும். அதனால்தான் சின்ன விசயத்துக்கு யாரும் அடி அழிப்பதாக நேருவதில்லை. மச்சாளின் பேரப்பிள்ளை நல்ல சுகமாகப் பிறந்தான். மகளும் தேறி வீட்டுக்கு வந்தாள். மச்சாள் சந்தைக் கடைக்காரருக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தார். ஆனால் நேர்த்தியைத் தீர்ப்பதற்குப் போன நாளில் சிற்றாலயத்தின் வாசலில் பலகை அடித்து மூடியிருந்தது. குவிமாடத்தில் இருந்து சாந்து கொட்டத் தொடங்கிவிட்டது. திருத்தி முடியும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது. திருத்துகிற பொறுப்பு யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

வேலை இழுத்துக்கொண்டே போனது. அதற்கிடையில் மருமகனுக்கு இங்கிலாந்தில் வேலை சரிவந்தது. முழுக் குடும்பமும் போவதென்று முடிவாகி, விமானச் சீட்டும் எடுத்தாயிற்று. அங்கே மகளும் வேலைக்குப் போவாள், பிள்ளையைப் பார்ப்பது மச்சாள். எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. பெட்டி அடுக்கத் தொடங்கியபோதுதான் மச்சாள் வாயைத் திறந்தார். "நான் வரேல்லை. நீங்கள் போங்கோ. அந்தக் கோயில் திறந்தாப் பிறகு செய்து முடிச்சுப்போட்டு வாறன்." மகள் அழுதாள், மருமகன் கெஞ்சினார். மச்சாள் ஒற்றைக் காலில் நின்றார். "பிள்ளையைத் தா எண்டு கேட்டு வாங்கினனான். வாங்கிப்போட்டு, சொன்னதைச் செய்யாமல் அவனைக் கொண்டு கடல் தாண்டுறதோ? எனக்கு அந்தத் துணிவில்லை." நான் ஒரு வழி சொன்னேன்: மலையில் ரொசலியாவைச் சுற்றுங்கோ, அவவும் பெண்தானே, குறை நினைக்கமாட்டா. மச்சாள் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன். "சொன்னது ஒராளுக்கு, செய்யிறது வேற ஆளுக்கோ? நல்ல கதை கதைக்கிறாய், பிள்ளை."

ஆகவே சிஞ்ஞோராவிடம் கேட்க வேண்டியவள் நானாகிப்போனேன். கோப்பியைக் கையில் கொடுத்து, நல்ல முகமாக இருக்கிற நேரம் பார்த்துக் கேட்டேன். எதிர்பார்த்த பதில்தான் வந்தது: இல்லை. கலியாணம் வைக்கக் கேட்ட ஒரு பெண்ணுக்கே கதவைத் திறக்கவில்லை, உன் மச்சாளுக்கோ. பிறகு வழக்கம்போலக் கேள்வியை யோசித்தார். "உள்ள போய் என்ன செய்யப்போறா?" சுற்றி வரப்போகிறா என்றேன். "எதைச் சுத்தி?" மாதாவை என்றேன். கோப்பியைக் கீழே வைத்தார். "மாதாவுக்குப் பின்னால என்ன இருக்கு?" நான் முழித்தேன். "சுவர்," என்றார். "சுவருக்குப் பின்னால என்ன இருக்கு தெரியுமோ? இறைச்சிக் கடை."

இத்தனை நாளாக அந்தச் சிற்றாலயத்தைப் பற்றிக் காது புளிக்கக் கேட்டிருக்கிறேன், நேரிலும் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன், இது எனக்குத் தோன்றவேயில்லை. மச்சாளுக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? எங்கள் ஊரில் சுற்றிக் கும்பிட முடியாத சாமி எங்கே இருக்கிறது? மரத்தடிக் கல்லுக்குக்கூடச் சுற்றி வர ஒரு பாதை விட்டிருப்பார்கள். சாமி என்றால் சுற்றி வரலாம் என்பது மூச்சு விடலாம் என்பதைப்போல; யாரும் சரிபார்ப்பதில்லை. சுவரோடு ஒட்டவைத்த தெய்வத்துக்கு அடி அழிப்பதாக நேர்த்தி வைத்துவிட்டுப் பெட்டி அடுக்க மறுத்து நிற்கிற மச்சாளுக்கு, கதவு திறந்தாலும் காரியம் ஆகாது என்பதை நான் எப்படிச் சொல்வது?

சொல்லத்தான் வேண்டும், சொன்னேன். மச்சாள் கேட்டுவிட்டு எழும்பி உள்ளே போனார். பிறகு சீலையை மாற்றிக்கொண்டு வந்து, "வா, போய்ப் பாப்பம்," என்றார். உள்ளே சுற்ற ஏலாவிட்டால் வெளியால் சுற்றலாம், கோயிலையே ஒரு சுற்றுச் சுற்றினால் மாதா உள்ளேதானே என்பது அவர் கணக்கு. சந்தை நிறைந்து கிடந்த நேரம். மீன் தட்டுகளில் இருந்து ஐஸ் தண்ணீர் வழிந்து ஓடியது. அந்தத் தண்ணீருக்குள் இரண்டடிக்கு ஒரு தரம் விழுந்து கும்பிடுவதற்கும் மனிசி ஆயத்தம். எனக்குத்தான் நினைக்கவே குளிர்ந்தது. ஆனால் அதற்கும் வழியில்லை. கோயிலின் ஒரு பக்கம் இறைச்சிக் கடை, அதோடு ஒட்டி ஒரு மூன்று மாடி வீடு, வீட்டோடு ஒட்டி இன்னொரு கோயிலின் சுவர். எங்கேயும் புகுந்து போக ஒரு ஒழுங்கைகூட இல்லை. இறைச்சிக்காரர் மச்சாளுக்குத் தெரிந்தவர். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். உங்கட கடைக்குப் பின்னால சாமி நிக்குது என்று மச்சாள் தன் இத்தாலியனில் சொல்ல, அவர் ஓம் ஓம் என்று தலையாட்டி மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். திரும்பி வருகிற வழியில் மச்சாள் பஸ்ஸில் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அந்தக் குரல் அடங்கினதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

அடுத்த நாள் சிஞ்ஞோரா கேட்கத் தொடங்கினார். நான் யன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன், அவர் மேசையில் வரைதாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்தப் பக்கமாகச் சுத்தவேணும்? சாமி எங்கள் வலது கைப்பக்கம் இருக்கிறமாதிரி என்றேன். வட்டமாகத்தான் போகவேணுமோ, சதுரமாகப் போனாலும் சரியோ? கோயில் வீதி சதுரம்தான் என்றேன். சாமியை மட்டும் சுத்தினால் காணுமோ, கட்டடத்தையும் சேத்துச் சுத்தவேணுமோ? சாமி உள்ளே இருந்தால் போதும் என்றேன். விழுந்து கும்பிடுகிற ஆளுக்கு எவ்வளவு அகலம் வேணும்? நான் துணியை வைத்துவிட்டு நடுவறையில் செய்து காட்டினேன். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்று பார்த்தார். வீடு கட்டித் தரச் சொல்லி வந்தவரிடம் கேட்பதுபோலத்தான் ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் கேட்டு முடிந்ததும் திடீரென்று பென்சிலைப் போட்டார். "அப்ப மாதா நடுவில நிக்கவேணும்," என்றார், யாரோ தன்னை ஏமாற்றிவிட்டதுபோல. எனக்கு அவரின் நடு தெரியும். ஆட்டையும் மாட்டையும் தூக்கி வெளியே வைத்த கதையும் தெரியும். பரவாயில்லை சிஞ்ஞோரா, விடுங்கோ, நாங்கள் வேற வழி பாக்கிறம் என்றேன். அவருக்குக் காதில் விழவில்லை. கனநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் காலத்து ஆக்கள் வரைஞ்சதை எல்லாம் நான் தாளில பாத்திருக்கிறன்," என்றார். "பீடம் நடுவில. மேல குவிமாடம். தாளில எல்லாம் வடிவுதான். கண்ணால பாக்கேல்லை." தாளைச் சுருட்டி வைத்தார். நான் துணியை எடுத்துக்கொண்டு யன்னலுக்குத் திரும்பினேன்.

சொன்னேனே, மாதாவின் சின்ன அறைக்குத் தனியாக ஒரு குட்டிக் குவிமாடம் இருக்கிறதென்று. பெரிய குவிமாடத்தின் வேலை முடிந்து, சாரம் எல்லாம் கழற்றியாகிவிட்டது. அடுத்தது குட்டிக் குவிமாடம். அதற்குக் கீழே நிற்கிற மாதா மரத்தில் செய்த சிலை. சாந்து கொட்டினால் பழுதாகிவிடும் என்பதால், தூக்கிக் கொண்டுபோய்ப் பின்னால் ஃபாதரின் அறையில் வைப்பதாக ஏற்பாடு. மச்சாள் வீட்டார் புறப்பட இருந்த வாரம், சிஞ்ஞோரா டெலிபோன் எடுத்தார். நாளைக்கு விடிய உன் மச்சாளைக் கூட்டிக்கொண்டு வா. வேறொன்றும் கேட்காதே. மச்சாள் தலை முழுகி, ஈரத் தலையைத் துவாயால் சுற்றி, மார்கழிக் குளிரில் பஸ்ஸில் என்னோடு வந்தார். பிள்ளையை மகள் தூக்கிக்கொண்டு வந்தாள். ஏலாவிட்டாலும் வாசலில் நின்றாவது கும்பிட்டுவிட்டு வாறன், அதுக்குப் பிறகு மாதா விட்ட வழி என்று மச்சாள் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் குரலில் நம்பிக்கை இல்லை.

பலகைக் கதவு திறந்திருந்தது. உள்ளே போன எங்களுக்குத் தொழிலாளர் போடுகிற மஞ்சள் தொப்பியை ஆளுக்கொன்று மாட்டிவிட்டார் சிஞ்ஞோரா; ஈரத் தலைக்கு மேலே மச்சாளுக்கும் ஒன்று. மகள் பிள்ளையோடு ஃபாதருக்குப் பக்கத்தில் வெளியிலேயே நின்றாள். வட்டக் கல்லின்மேல், உச்சிக்கு நேர் கீழே, சில்லு வைத்த ஒரு பலகையில் மாதா நின்றா. சுவரில் இருந்து இறங்கி நடு வீட்டுக்கு வந்து நிற்கிற மனிசி மாதிரி. முதுகு தெரிந்தது. அந்த மாதாவின் முதுகை அதுவரை நாங்கள் ஒருவரும் பார்த்ததில்லை. முன்பக்கம் நீலமும் பொன்னுமாக இருந்தாலும் பின்பக்கம் வெறும் மரம், உளி பட்ட தடம்கூட அப்படியே இருந்தது. சுற்றி வர எல்லாப் பக்கமும் வெறும் நிலம். மாதாவைத் தூக்கிக்கொண்டு போகிற வழியில் கொஞ்சநேரம் இஞ்சை வைச்சிருக்கு, தொழிலாளர் கோப்பி குடிக்கப் போயிருக்கினம் என்று சிஞ்ஞோரா என்னைப் பாராமல் சொன்னார். ஃபாதர் வாசலில் நின்று, என் அம்மாவும் இந்தக் கோயிலில் முழங்காலில் போனவதான், செய்யுங்கோ என்றார்.

மச்சாள் மாதாவுக்கு நேரே போய் நின்றார். கையைத் தலைக்குமேல் குவித்தார். இரண்டடி. முழங்காலில் இருந்தார். நெற்றி நிலத்தில் பட விழுந்தபோது தொப்பி டக்கென்று கல்லில் அடித்தது. எழும்பினார். இரண்டடி. ஒவ்வொரு தரமும் டக், டக் என்று அந்தச் சத்தம் மேலே போய்க் குவிமாடத்தில் சுற்றித் திரும்பி வந்தது. மூலைக்கு மூலை மூச்சு வாங்க நின்றார். நான் கையைக் கொடுத்து எழுப்பிவிட்டேன். மாதாவின் முதுகுக்குப் பின்னால் போனபோது அந்த உளித் தடத்தைக் கண்டு ஒரு கணம் நின்று, "பாவம், பின்னால ஒண்டும் உடுத்தேல்லை," என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். வட்ட யன்னல்களால் வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. புதுச் சாந்து பூசிய வெள்ளை முழுக்க வெளிச்சமாகி, கல் வரிகள் எல்லாம் மேலே ஒரு புள்ளியிலும் கீழே மாதாவின் காலடியிலும் போய்ச் சேர்ந்தன. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நடு சும்மா இருந்தபோது அந்த அறை அழகாக இருந்தது. இப்போது அறை முழுக்க அவவைப் பிடித்துக்கொண்டு நின்றது. சிஞ்ஞோரா வளைவு வாசலில் சாய்ந்து நின்றார். அவர் முகத்தை அப்போது நான் பார்க்கவில்லை, மச்சாளைப் பிடிக்கிற வேலையில் இருந்தேன்.

இன்றைக்கு மாதா பழையபடி தன் சின்ன அறையில், சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கிறா. நடு பழையபடி வெறும் நடு. சனிக்கிழமைகளில் மரக்கறிப் பையோடு உள்ளே போய், வட்டக் கல்லில் கொஞ்சநேரம் நின்று மேலே பார்ப்பேன். நிற்கிற ஆளுக்குத்தான் முழுக் கட்டடமும் என்று சிஞ்ஞோரா சொன்னது சரிதான். மச்சாள் இங்கிலாந்தில் மழைக்குத் திட்டிக்கொண்டு பேரனோடு சுகமாக இருக்கிறார். வீடியோவில் வந்தால் அந்தக் குரலுக்கு நான் டெலிபோனைத் தள்ளித்தான் பிடிப்பேன். சிஞ்ஞோரா வேலையை விட்டுவிட்டு ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடலோரம் தங்கையோடு இருக்கிறார். போய்ப் பார்த்தால் இப்போதும் முதலில் 'இல்லை' என்றுதான் சொல்கிறார், நான் கொண்டுபோன வடையைப் பார்த்துக்கூட. ஆனால் அவரைப் பற்றி யார் கேட்டாலும் நான் சொல்வது, அந்த விடியலில் மச்சாள் சுற்றி முடித்த பிறகு நடந்ததைத்தான்.

சுற்று நிறைந்ததும் மச்சாள் நிலத்திலேயே இருந்து மூச்சு வாங்கினார். மகள் பிள்ளையைக் கொண்டுவந்து மாதாவின் காலடியில் கிடத்தி எடுத்தாள். மச்சாளின் முகம் பூத்துப்போயிருந்தது. "இனி எங்கை வேணுமெண்டாலும் போவம்," என்றார் மகளிடம். பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டே வாசலைப் பார்த்து, "அவவையும் ஒருக்காச் சுத்தச் சொல்லு," என்றார் என்னிடம். நான் இத்தாலியனில் சொன்னேன். இல்லை என்றார் சிஞ்ஞோரா. தனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்லச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். "நம்பச் சொல்லி ஆர் கேட்டது? சுத்தினால் காணும்," என்றார் மச்சாள். அதையும் சொன்னேன்.

சிஞ்ஞோரா தன் தொப்பியின்மேல் தேடிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கேட்டுத் தெரிந்து வைத்திருந்தபடி, மாதா வலது கைப்பக்கம் இருக்க, மெல்ல நடக்கத் தொடங்கினார். ஆனால் மாதாவை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. தலையை நன்றாக நிமிர்த்தி, வாயைத் திறந்தபடி, குவிமாடத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். தொப்பி பின்னால் விழுந்து உருண்டது; குனியவில்லை. இவ்வளவும் செய்துவிட்டு மாதாவின் முகத்தைப் பாராமல் சுற்றுகிறாரே, இது என்ன சுற்று என்று எனக்குப் பொறுக்கவில்லை. சொல்லுவோம் என்று வாயெடுத்தேன். மச்சாள் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"விடு, பிள்ளை. அவவின்ர சாமி மேல நிக்குது. பாக்கட்டும்."

கோப்பி குடித்துவிட்டு வந்த தொழிலாளர்கள் மாதாவைத் தூக்குவதற்கு வாசலில் வந்து நின்றார்கள். சிஞ்ஞோரா அவர்களைக் கவனிக்கவில்லை. ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றுத் தொடங்கியிருந்தார்.